காதில் சொன்ன பெயர்

“இவ்வளவு கனமான பெயரை அந்தச் சின்ன உயிர் எப்படித் தூக்கிக்கொண்டு நடக்கும்?” என்று என் மேற்பார்வையாளர் கேட்டார். அப்போது என் மகள் பிறந்திருக்கவே இல்லை. எனக்கு எட்டாம் மாதம். நியூசிலாந்தில் எல்லர்ஸ்லி என்ற புறநகரில் ஓர் அலுவலகத்தின் கோப்புப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில் நான் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டிய பெயரை அவர் எழுத்தெழுத்தாக விரலால் தொட்டு எண்ணினார். மங்கையர்க்கரசி. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் மறுநாள் காலை என் மேசை மேல், ஒரு புத்தகத்திலிருந்து எடுத்த ஏழெட்டு ஜெராக்ஸ் தாள்கள் பின் அடித்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் பழைய கெல்டிக் பெயர்கள். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அந்தக் காலத்து மனிதர்கள் பிள்ளைகளுக்கு வைத்தவை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொருளோடு. என் மகளின் பெயருக்குப் ‘பெண்களின் அரசி’ என்று நான் பொருள் சொல்லியிருந்தேன். அதனால் அரசி, இளவரசி என்று பொருள் வரும் பெயர்களாகத் தேடி வட்டம் போட்டிருந்தார். “பார்த்து வை. கட்டாயம் ஒன்றும் இல்லை” என்றார்.

கட்டாயம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். என் அப்பாவுக்கு அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் துரைசாமி. அவருக்கு ஆறு வயதிருக்கும்போது, அவர்கள் வேலை பார்த்த பெரிய வீட்டில் ஓர் ஆண்குழந்தை பிறந்தது; அதற்கும் துரைசாமி என்று பெயர் வைத்தார்கள். தங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லி மாட்டுக்கொட்டிலில் நிற்கும் ஒரு பையனை எப்படித் திட்டுவது? “நாளையிலேருந்து உன் பையன் பேரு குப்பன்” என்று தாத்தாவிடம் சொல்லிவிட்டார்கள். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. சொன்ன அம்மாள் சிரித்த முகத்தோடு ஒரு படி நெல்லும் கொடுத்தனுப்பினாராம். அதற்குப் பிறகு அப்பாவைத் துரைசாமி என்று கூப்பிட்டவர் அவருடைய அம்மா மட்டும்தான்; அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாக. என் பள்ளிச் சான்றிதழிலும் பட்டத்திலும் பாஸ்போர்ட்டிலும் என் பெயருக்குப் பின்னால் இருப்பது குப்பன். அந்தப் பட்டத்தைப் பெருமையோடுதான் நியூசிலாந்துக்குக் கொண்டுவந்தேன். ஆனால் நமக்கு மேலே இருக்கும் ஒருவர் நம் பிள்ளைக்கு ஒரு பெயரை எடுத்து நீட்டினால், அந்தக் கையை ஒருமுறை நன்றாகப் பார்க்காமல் என்னால் வாங்க முடியாது.

அந்தக் கை எனக்கு நல்லதும் செய்திருந்தது. நேர்முகத் தேர்வில் மற்ற இருவரும் என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு முகத்தைத் திருப்பியபோது, “இவர் எண்களைத் தப்பாகச் சொல்லவில்லை, கவனித்தீர்களா?” என்று சொல்லி என்னை வேலைக்கு எடுத்தவர் அவர்தான். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. இந்த நாட்டின் தெற்குத் தீவில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர்; அவருடைய முன்னோர் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கோப்பு ஒன்று இடம் மாறியிருந்தால் அதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போக மாட்டார். குடும்பம் என்று எதுவும் இல்லை. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் என் வயிற்றைப் பற்றித் தினமும் விசாரித்தார். அதுவும் எனக்கு உறுத்தியது.

ஊர் டெலிபோன் பூத்துக்கு அப்பாவை வரச்சொல்லிப் பேசினேன். இந்த ஊர்க்காரர்களின் வாயில் நுழையாத பெயர் என்று சொல்கிறார்கள் என்றேன். “ராணி பேராவே வையி தாயி. கூப்புடுறவன் வாயி நோவட்டும்” என்றார்.

என் கணவர் வேறு மாதிரி யோசித்தார். அவர் பொறியியல் படித்தவர். பக்கத்திலிருந்த பென்ரோஸில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். “அந்தம்மா சொல்றதுல என்ன தப்பு? என் அப்ளிகேஷன்ல பேரை மட்டும் படிச்சுட்டுத் தூக்கிப் போட்டுடுறான். அவளுக்காச்சும் கதவு திறக்கட்டும். வீட்டுல நாம என்ன வேணா கூப்பிட்டுக்கலாம்” என்றார்.

“வீட்டுக்கு ஒண்ணு, வெளியில ஒண்ணுன்னு எங்கப்பா வாழ்ந்தது போதுங்க.”

“எதுக்கெடுத்தாலும் உங்கப்பாதான். ஒருநாளாவது எங்கப்பாவைப் பத்திப் பேசியிருக்கியா?” என்று சிரித்துவிட்டுத் தாள்களை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டார். தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டார் என்பதை நான் கவனித்தேன்.

மகள் ரோகிணி நட்சத்திரத்தில் பிறந்தாள். நாங்கள் குடியிருந்த சான்ட்ரிங்ஹாமில், பக்கத்துக் குடியிருப்பில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். பிள்ளையைப் பார்க்க வரும்போதே பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். “தங்கச்சி, ரோகிணி எண்டா ஒ, வ, வி, வு. உந்த நாலில ஒண்டிலதான் துவங்க வேணும். மங்கையர்க்கரசி மக நட்சத்திரத்துக்கெல்லோ பொருந்தும்” என்றார். இதற்காகவே காத்திருந்தவர் போல என் கணவர் தாள்களோடு வந்தார். வட்டம் போட்ட பெயர்களில் விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். “அக்கா, ஓர்லான்னு ஒண்ணு இருக்கு. தங்க இளவரசின்னு அர்த்தம் போட்டிருக்கு.”

அக்கா பஞ்சாங்கத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். “ஓம், சரியாத்தான் வருது. வெள்ளைக்காரரும் பஞ்சாங்கம் பாத்தே பேர் வைச்சவை?”

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கோப்புப் பிரிவில் மூன்று வருடம், எது அசல் எது நகல் என்று பார்த்துப் பழகிய கண். மற்றப் பெயர்களைச் சுற்றியிருந்த வட்டங்கள் நீல மையில் போட்டவை. தாளின் பின்புறம் தடவினால் பேனா அழுத்திய மேடு விரலில் தட்டுப்பட்டது. ஓர்லாவைச் சுற்றியிருந்த வட்டம் மட்டும் சாம்பல் நிறம். பின்புறம் வழவழப்பாக இருந்தது. பேனா அந்தத் தாளைத் தொடவே இல்லை. ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன்பே, புத்தகத்திலேயே யாரோ போட்டு வைத்த வட்டம். அப்படியென்றால் அந்தப் பெயர் என் மகளுக்காகத் தேர்ந்தது இல்லை. வேறு யாருக்கோ வைத்திருந்ததை எங்கள் பக்கம் தள்ளுகிறார். பெற்ற அலுப்பையும் மீறி எனக்குக் கோபம் வந்தது.

ஒரு வாரம் கழித்து, தானே பின்னிய ஒரு மஞ்சள் கம்பளிச் சட்டையோடு அவர் வீட்டுக்கு வந்தார். தேநீர் கொடுத்தேன். பிறகு தாள்களை அவர் முன்னால் வைத்து, அந்த வட்டத்தைக் காட்டி, “இதை யாருக்காகப் போட்டீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பத்தொன்பது வயதில், திருமணமாகாமல், ஒரு பெண் குழந்தை பெற்றதாகச் சொன்னார். அக்கம்பக்கத்துக்குத் தெரியாமலிருக்க வீட்டில் அவரை வேறோர் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெயர்ப் புத்தகம் அவருடைய அம்மாவுடையது; கேட்காமல் எடுத்துப் போயிருந்தார். பத்து நாள் ஓர்லா என்று கூப்பிட்டார். பதினோராம் நாள் ஒரு தம்பதி வந்து எடுத்துப் போய் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். பழைய பெயர் இருந்த காகிதத்தை முத்திரை வைத்து மூடிவிட்டார்கள். பல வருடங்களுக்குப் பிறகு சட்டம் மாறியது, இவர் விண்ணப்பித்தார். மகளுக்குத் தொடர்பில் விருப்பமில்லை என்று பதில் வந்தது. “அந்தப் பெயரைச் சொல்லி யாரையும் கூப்பிட்டு முப்பத்தைந்து வருடம் ஆகிறது” என்றார்.

எனக்கு இரக்கம் வந்தது. கூடவே, நான் நினைத்தது சரிதான் என்பதும் வந்தது. “அப்படியென்றால் நீங்கள் என் குழந்தைக்குப் பெயர் தேடவில்லை. உங்கள் பெயருக்கு ஒரு குழந்தை தேடினீர்கள்” என்றேன்.

“இரண்டும்தான்” என்றார்.

“எனக்கு முன்னால் இதை எத்தனை பேரிடம் நீட்டினீர்கள்?”

“யாரிடமும் இல்லை. மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். நீ பெயரைப் பற்றி அவ்வளவு பேசினாய்.”

முடியாது என்று நேராகச் சொன்னேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார். வாசல் வரை போனவரை நிறுத்தி, முப்பதாம் நாள் பெயர் வைக்கிறோம், வர வேண்டும் என்றேன். குழந்தையின் காதில் அத்தை முறை உள்ளவர் மூன்று முறை பெயரைச் சொல்வது எங்கள் வழக்கம். இந்த ஊரில் எங்களுக்கு அத்தை யாரும் இல்லை, நீங்கள் சொல்லுங்கள் என்றேன். பெரிய மனதோடு அழைத்ததாக என் கணவர் நினைத்தார். உண்மையில், கனமான பெயர் என்று சொன்ன வாய் அதைச் சுமந்து பார்க்கட்டும் என்றுதான் அழைத்தேன். அவரும் விடவில்லை. அலுவலகத்திலிருந்து தினமும் எனக்கு ஃபோன் செய்து, மங்கையர்க்கரசி, மங்கையர்க்கரசி என்று சொல்லிப் பழகினார். இருபதாம் நாளுக்குள் பிசகில்லாமல் சொல்லத் தொடங்கிவிட்டார்.

முப்பதாம் நாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் இருந்திருப்போம். என் கணவர் மகளின் காதில் பெயரைச் சொன்னார்; நான் சொன்னேன்; அக்கா சொன்னார். கடைசியாக என் மேற்பார்வையாளர். குழந்தையை மடியில் வாங்கி, கண்ணாடியைப் பின்னால் தள்ளிவிட்டு, வலது காதில் வாயை வைத்தார். நான் ஓர் அடி தூரத்தில் நின்றேன். என் கணவரின் உதடும் அக்காவின் உதடும் அந்தப் பெயர் முடியும்வரை அசைந்ததைப் பார்த்திருந்தேன். அவருடைய உதடு அசையத் தொடங்கியதும் நின்றுவிட்டது. இரண்டாம் முறையும் அப்படி. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டார். நிமிர்ந்ததும், எல்லோருக்கும் கேட்கும்படி, சுத்தமாக, “மங்கையர்க்கரசி” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அந்த உதடு அசைந்தது மங்கையர்க்கரசிக்குப் போதாது, வேறு பெயரைத்தான் சொல்லியிருக்கிறார் என்று அன்றிரவே கணவரிடம் சொன்னேன். “உனக்குத் தூங்குற பூனையைப் பார்த்தாலும் சந்தேகம்” என்றார். மறுநாளே பதிவுப் படிவத்தில் நானே என் கையால் பெயரை எழுதி அனுப்பினேன். இனி யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆனாலும் மனம் ஆறவில்லை. விடுப்பு முடிந்து வேலைக்குப் போனபோது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எதுவும் தெரியவில்லை. அலுவலகத்தில் யாராவது என் மகளை ‘மேங்கி’ என்று சுருக்கினால், “முழுப் பெயரைச் சொல்லுங்கள், ஒன்றும் கஷ்டமில்லை” என்று திருத்தினார். இது அன்பா, திருடியதற்கு ஈடா என்று யோசித்துக்கொண்டே இரண்டு வருடம் அவரோடு வேலை பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வாரோ என்ற பயம் ஒரு பக்கம். உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் இன்னொரு பக்கம். பிறகு அவர் ஓய்வு பெற்றுத் தெற்குத் தீவுக்கே போய்விட்டார். பிறந்தநாள் வாழ்த்து அட்டை மட்டும் வருடந்தோறும் தவறாமல் வருகிறது. உறையின் மேல் ஓர் எழுத்தும் குறையாத முழுப் பெயர்.

வரும் மாதம் மகளுக்கு ஐந்து வயது, பள்ளிக்கூடம் தொடங்குகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்து புகைப்பட ஆல்பத்தைப் புரட்டினேன். அவர் கண்ணை மூடி, குழந்தையின் காதில் வாய் வைத்திருக்கும் படத்தில் அவள் விரலை வைத்தாள். அந்த ஆன்ட்டி என்னிடம் என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். “உன் பேரு” என்றேன். சொன்ன பிறகுதான், எனக்கே தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல மகளிடம் சொல்லிவிட்டேன் என்பது உறைத்தது. அந்த மேற்பார்வையாளர் பெற்ற மகளுக்குத் தன் முதல் பெயர் தெரியுமோ தெரியாதோ. என் அப்பாவை மறுபடியும் துரைசாமி என்று கூப்பிட எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான்.

நேற்று என் பழைய மேற்பார்வையாளருக்குக் கடிதம் எழுதினேன். சுற்றி வளைக்கவில்லை. முப்பதாம் நாள் என் மகளின் காதில் மூன்று முறையும் எந்தப் பெயரைச் சொன்னீர்கள்? எதுவாக இருந்தாலும் அதை அவளிடம் அப்படியே சொல்லப்போகிறேன். தன்னை யார் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் எழுதினேன். கணவரிடம் காட்டினால் ஒரு வரியையாவது மென்மையாக்கச் சொல்வார் என்பதால் காட்டவில்லை. இன்று காலை வேலைக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.