டிக்கியிலிருந்து வந்த சத்தம்

நாங்கள் வாடகைக்கு ஓட்டிய அம்பாசிடரில் பாட்டுக்கு 'தம் தம்' என்று அடிக்கிற பேஸ் போதவில்லை என்று என் கணவருக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. டிக்கியில் வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி பின்சீட்டைப் பார்த்து இருந்தது. அதைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தால் நன்றாக அதிரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இடம் பற்றாமல் ஸ்டெப்னியை வெளியே எடுத்தார். அது புது டயர். சும்மா கிடக்க வேண்டாமே என்று ஒரு முன் சக்கரத்துக்குப் பதிலாக அதை மாட்டி, தேய்ந்ததை வீட்டில் போட்டார். பாட்டைக் கேட்கிற அவசரம் அவருக்கு.

மறுநாள் ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாக இறங்கினோம். குறுகலான சாலை, ஒரு பக்கம் பள்ளம். பாட்டின் ஒவ்வொரு அடியும் என் முதுகில் விழுந்தது. சில வளைவுகள் தாண்டியதும் அந்தத் 'தம் தம்' இன்னும் கனத்தது.

"இப்பத்தான் சரியா விழுது" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

எனக்குத் தலை வலித்தது. "ஏனுங்க, கொஞ்ச நேரம் நிறுத்துங்க. நொம்ப இடிக்குது."

"உனக்கு எதுதான் புடிச்சிருக்கு?"

நானே கையை நீட்டி செட்டை அணைத்தேன். பாட்டு நின்றது. 'தம் தம்' நிற்கவில்லை.

ஸ்டியரிங் அவர் கையில் உதறியது. பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்து, பாறையோரமாக வண்டியை ஒதுக்கினார். இறங்கிப் பார்த்தால், அவர் மாட்டிய சக்கரத்தில் சில நட்டுகளைக் காணோம். மிச்சமும் ஆடின.

மற்ற சக்கரங்களிலிருந்து தலா ஒரு நட்டைக் கழற்றி இதில் போட்டு முறுக்கினார். வண்டி கிளம்பிய பிறகுதான் கேட்டேன்.

"சரியா விழுதுன்னு சொன்னீங்களே, அது எதுங்க?"