மூடியத் தொறக்காதீங்க, அண்ணி!

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டில், என் சமையலறையில் வைத்தே நான் திட்டு வாங்கினேன். அதுவும் யாரிடம்? என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத என் தம்பி மனைவி கவிதாவிடம்!

விஷயம் ஒரு வாழைப்பழம்.

கவிதாவின் மகள் யாழினிக்கு மூன்று வயது. ஆட்டிசம் என்று நான்கு மாதத்துக்கு முன்னால் டாக்டர் சொன்னார். பேச்சு இன்னும் வரவில்லை. வாரம் இரண்டு நாள் முசிறியிலிருந்து பஸ்ஸில் திருச்சிக்குக் கூட்டி வருகிறாள். தெரபி முடிந்ததும் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

யாழினிக்குப் பூவன் பழம் என்றால் உயிர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உரித்து நீட்டிவிடுவேன். அத்தை என்றால் சும்மாவா? வந்தவர்கள் வாய்விட்டுக் கேட்டபிறகு தண்ணீர் கொடுத்தாலே கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற குடும்பம் எங்களுடையது.

அன்று கவிதா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். உள்ளே பழம் இருப்பது வெளியே தெரிகிறது. மூடியோ இறுக்கம். அதை யாழினி முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தெரபிஸ்ட் மேடம் சொல்லிக்குடுத்தாங்க அண்ணி. எல்லாம் கேக்காமலே கெடச்சுட்டா அவ எதுக்கு நம்மளப் பாக்கணும்? அஞ்சு எண்ணுற வரைக்கும் பொறுத்து, கண்ணாலயோ கையாலயோ கேக்க விடணும். கேட்ட ஒடனே குடுத்துடணும். ரொம்ப அழவும் விடக்கூடாது."

யாழினி மூடியைத் திருகினாள். வரவில்லை. டப்பாவைத் தட்டினாள். உதடு பிதுங்கியது... ஐயோ, எனக்குப் பொறுக்குமா? பாய்ந்து போய் மூடியில் கை வைத்துவிட்டேன்.

"மூடியத் தொறக்காதீங்க, அண்ணி! ஏற்கனவே எட்டு மாசம் போச்சு!"

சுருக்கென்றது. அந்த எட்டு மாதம் போனதற்குக் காரணம் நான்தான். இரண்டு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையே என்று கவிதா பயந்தபோது, "அவ அப்பனே நாலு வயசுலதான் பேசுனான், சும்மா பயப்படாத" என்று டாக்டரிடம் போகவிடாமல் செய்த மகராசி நான். ஆறுதல் சொல்வதாக நினைப்பு! எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று இப்போது புரிகிறது. போன மாதங்களை நான் எந்தக் கடையில் வாங்கித் தருவேன்?

கையை எடுத்துக்கொண்டேன். கவிதா மெதுவாக எண்ணினாள். ஒன்று... இரண்டு... அடேயப்பா, ஐந்து வரை எண்ண இவ்வளவு நேரமா?

யாழினி டப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். என் விரலைப் பிடித்து மூடிமேல் வைத்தாள். அது அவள் எப்போதும் செய்வதுதான். அப்புறம் — நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அப்படி அவள் இதுவரை என்னைப் பார்த்ததே இல்லை.

"கேட்டுட்டா அண்ணி! இப்பத் தொறங்க, சீக்கிரம்!" கவிதாவின் குரல் உடைந்துவிட்டது. நான் திருகின அவசரத்தில் மூடி திறந்து தொலைக்கவே இல்லை.

அந்த ஒரு பழத்தை நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றாக டப்பாவில் வைத்து மூடினோம். நான்கு தடவையும் கேட்டு வாங்கினாள்.

நாற்பத்தெட்டு வயதில் ஐந்து வரை எண்ணக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.