அப்பா வெட்டிய ஜன்னல்

எங்கள் அன்புத் தந்தையார் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், இரண்டாவது லயத்து ஐந்தாம் காம்பராவில் பிறந்தார். அதே காம்பராவில் கண்மூடினார். நடுவில் அவர் செய்த பெரிய காரியம், அதன் பின்சுவரில் ஒரு ஜன்னல் வெட்டியது. சிரிக்க வேண்டாம். ஒரேயொரு கதவுள்ள அறையில் விறகடுப்புப் புகையோடு வாழ்ந்தவர்களுக்கு அது புரியும்.

அம்மாவுக்கு மூச்சிழுப்பு. மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த கையோடு, நான்கு மாலைப் பொழுதுகள் நின்று அப்பா அந்தக் கல்சுவரை உடைத்தார். அதன் பிறகுதான் அம்மா படுத்துத் தூங்கினார்.

பல வருடம் கழித்து மரபுரிமை காக்கும் கனவான்கள் வந்தார்கள். துரை பங்களாவையும் எங்கள் லயத்தையும் பழைமை மாறாமல் காப்பாற்றப் போகிறார்களாம். பங்களாவின் ஒவ்வொரு ஜன்னலுக்கும் புதுக் கண்ணாடி போட்டார்கள். எங்கள் கூரை ஒழுகியதைத் தொடவில்லை, அதுவும் பழைமையாம். பொங்கலுக்கு நாங்கள் அடித்த சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, கறுப்புப் பெயிண்டால் புகைக்கரி பூசினார்கள். அடுப்பெரிகிற வீட்டுக்குக் கரியைக் கடையில் வாங்கிவந்த மேதைகளை வேறெங்கும் பார்க்க முடியாது.

அவர்களில் தலைவர் போலிருந்தவர், "ஆரம்பத்துல இந்தச் சுவர்ல ஜன்னல் இல்லையே. அடைச்சிடுவோம்" என்றார்.

யாரிடமும் குரல் உயர்த்தாத அப்பா வாசலை மறித்து நின்றார். "ஐயா, ஒங்களுக்கு இது பழைய கட்டடம். நாங்க இன்னும் இதுலதாங்க இருக்கோம். அடைக்கிறதா இருந்தா என்னையும் உள்ள வச்சு அடைச்சிட்டுப் போங்க."

கொண்டுவந்த கற்களைத் திரும்பச் சுமந்துகொண்டு போனார்கள். கடைசி மாதங்களில் அப்பாவின் கட்டிலை அந்த ஜன்னலோரம்தான் போட்டிருந்தோம். இப்போது அம்மா அங்கே படுக்கிறார்.

தப்படித்தவர்களுக்கும், மழையில் பாடை சுமந்தவர்களுக்கும், கருமாதிவரை எங்களை உலை வைக்க விடாமல் சோறு கொண்டுவந்த லயத்து உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அந்தக் கனவான்களும் மலர்வளையத்தோடு வந்தார்கள். அதை வைத்துவிட்டு, அம்மா அழுதுகொண்டிருக்கும்போதே பின்சுவரை அளந்தார்கள். பங்களாவில் மாட்ட அப்பாவின் படம் வேண்டுமென்றார்கள். இந்த நினைவு மலரின் அட்டையில் இருக்கும் படத்தைக் காட்டினேன். அதில் அப்பா சுத்தியலோடு ஜன்னலருகில் நிற்கிறார்.

"ஜன்னல் தெரியாத படம் ஒண்ணு இருக்குமா?" என்று கேட்டார்கள்.

"அப்படி ஒரு படம் எங்ககிட்ட இல்லைங்க" என்றேன்.