பெயரில்லாத பட்டன்கள்

துறைமுகச் சாலையில் எங்கள் லாரி அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் நிலக்கரித் தூள், மூடினால் புழுக்கம். நான் ஏற்றுமதித் தாள்கள் பார்ப்பவன். அரை நாழி ஓரிடத்தில் உட்கார்ந்தால் உடம்பு கொதிக்கும், எழுந்து வாசலுக்குப் போய்க் கடல் இருக்கும் திசையை வெறித்துவிட்டு வருவேன். பக்கத்து மேசையில் என் நண்பர், என்னைவிட மூத்தவர். எந்த லாரி எந்தக் கன்டெய்னரோடு துறைமுகத்தின் எந்தக் கேட்டுக்குப் போக வேண்டும் என்று போனிலிருந்தே ஏவுவது அவர் வேலை. எந்நேரமும் ஒரு காதில் இயர்போன். பழைய பாட்டுப் பைத்தியம் என்று எல்லோரும் நம்பினார்கள். இன்றைக்குச் சோகப் பாட்டா காதல் பாட்டா என்று டிரைவர்கள் சீண்டுவார்கள். சிரித்துக்கொள்வார்.

பாட்டு இல்லை. அவர் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. நிறுத்த வழியில்லை என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். விரல் வைத்த இடத்தை வாசித்துச் சொல்லும் வசதி போனில் இருக்கிறது; அந்தக் குரல்தான் காதில். அலுவலகத்தில் எனக்கு மட்டுமே தெரியும். டீக்கடைக்குப் போகும்போது என் தோளில் கை போட்டுக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு அது சிநேகம், எங்களுக்கு அது வழி. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கும்வரை அந்த நாற்காலி அவருக்கு வேண்டும்.

"கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா வேற ஆளை உக்கார வச்சிருவாங்கலே," என்பார்.

முதலாளியிடம் ஐபோன். டிரைவர்களிடம் கீறல் விழுந்த ஆண்ட்ராய்டு. மேசைகளில் கம்ப்யூட்டர். லாரிகளை ஏவும் பழைய ஆப் ஆண்ட்ராய்டில் மட்டும்தான் ஓடியது. எல்லாவற்றிலும் ஓடுகிற ஒன்று வேண்டும் என்று முதலாளி கோவையிலிருந்து ஆப் எழுதும் ஓர் இளைஞரை வரவழைத்தார். ஒரு தடவை எழுதினால் போதும், எல்லா மெஷினிலும் ஓடும் என்று அவர் உற்சாகமாக விளக்கினார். ஒரே இரும்புப் பெட்டி கப்பலில், ரயிலில், லாரியில் ஏறுவதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு வகை போனுக்கும் ஒரு பாஷை. நடுவில் ஓர் அடுக்கு நின்று, எழுதியதை அந்தந்தப் பாஷைக்கு மாற்றிக் கொடுக்கிறது.

கெடுதல் வேறிடத்தில் இருந்தது. பழைய ஆப், பட்டனைப் போனிடமே வாங்கிக்கொண்டது. போனுக்கு அது தன் சொந்தப் பட்டன், எழுத்தோடு இருக்கும், வாசித்துவிடும். புதியது எதையும் வாங்குவதில்லை. திரை முழுவதையும் தானே வரைந்துகொள்கிறது, எங்கே திறந்தாலும் ஒரே முகம் வேண்டும் என்பதற்காக. பட்டனில் எழுத்துக்குப் பதில் சின்னப் படம்; அது இன்னது என்று ஆப்பை எழுதியவர் தனியாகச் சொல்லி வைக்காவிட்டால் போனுக்கு அது பெயரில்லாத வெறும் பட்டன். அவர் சொல்லி வைக்கவில்லை. வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

புதிய ஆப் வந்த நாளிலிருந்து நண்பரின் காதில் குரல் ஒரே சொல்லைச் சொல்லத் தொடங்கியது. பட்டன். பட்டன். பட்டன்.

பட்டன்களுக்குப் பெயர் வேண்டும் என்று, எனக்குத் தேவை போலச் சொல்லி, அந்த இளைஞரிடம் நானே கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார்; கண்ணிருக்கிறவன் எதற்குக் கேட்கிறான் என்று நூல் பிடித்துத் தன்னிடம் வந்துவிடுவார்கள் என்றார். பதிலாக விரலைப் பழக்கினார். கீழ் வரிசையில் முதலாவது புது டிரிப், அடுத்தது கேட், அதற்கடுத்தது முடிந்தது, கடைசி ரத்து. இருட்டுக்குள் சுவரைத் தடவி நடப்பதுபோல நடந்துவிட்டார். தப்பே வரவில்லை.

பிறகு முதலாளி எல்லோருக்கும் டேப்லெட் கொடுத்தார், வசதிக்காக. பெரிய திரை கிடைத்தால் அதே ஆப் தன்னை மாற்றி அடுக்கிக்கொள்ளும் என்பது எங்களுக்குத் தெரியாது. கீழே கிடந்த பட்டன்கள் இடப்பக்கம் ஏறி, ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. அவர் விரல் பழைய இடத்தைத் தேடியது. அங்கே ஒன்றுமில்லை. தடவித் தடவி எதையோ தட்டினார். விடிந்ததிலிருந்து கேட் வரிசையில் நின்ற ஒரு லாரியின் டிரிப் ரத்தானது. வரிசையின் வாலுக்குப் போன டிரைவர், வெயிலில் கறுத்த முகத்தோடு நேராக உள்ளே வந்தார்.

"பாட்டை நிறுத்திட்டு வேலையைப் பாரும் அண்ணாச்சி. நாங்க அங்கன காயுதோம்."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். கோவை இளைஞரும் அன்று அங்கேதான் இருந்தார், டேப்லெட்டுகளைச் சரிபார்க்க வந்தவர். நண்பர் இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒலியைக் கூட்டினார். விரலைத் திரைமேல் இழுத்தார்.

பட்டன், என்றது டேப்லெட். பட்டன். பட்டன். அறை முழுக்கக் கேட்டது.

"தம்பி, இதுக்கெல்லாம் பேர் சொல்ல வைக்க முடியுமா?"

"அதான் படம் போட்டிருக்கேங்ண்ணா."

"போட்டிருக்க. எனக்குத் தெரியலப்பா. ரொம்ப நாளாத் தெரியல."

டிரைவர் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். இளைஞருக்கு முகம் செத்துவிட்டது. சின்ன வேலைதான், முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று முனகியபடி உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் முடித்தார். ஒரே இடத்தில் எழுதியதால் முதலாளியின் ஐபோனிலும், டிரைவர்களின் போன்களிலும், டேப்லெட்டிலும் எல்லாப் பட்டனுக்கும் ஒரே நாளில் பெயர் வந்தது. நண்பர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார். கேட். முடிந்தது. ரத்து. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அடுத்து வந்ததை நினைத்தால், அதைப் பார்த்திருக்கவே கூடாது.

அடுத்த வாரம் முதலாளி அவரைக் கூப்பிட்டு, கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள் என்று கனிவாகச் சொன்னார். இனி வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை விசாரித்தால் போதுமாம். டேப்லெட் இன்னொருவர் கைக்குப் போனது. அவருக்கு நல்ல கண்கள், குரலை அணைத்துவிட்டார். ஆப் இப்போது நன்றாகப் பேசும், பேச வைக்க யாருமில்லை. சம்பளத்தைக் குறைக்கவில்லை, அதுவரைக்கும் சரி. ஆனால் எத்தனை நாளைக்கு என்று அவர் என்னிடம் கேட்கிறார். நான் தாள்களைப் புரட்டுகிறேன்.

டிரைவர்கள் இப்போது அவரைச் சீண்டுவதில்லை. கிட்டே வந்து, குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் பேசுகிறார்கள். நேற்றும் ஒருவர் அப்படித்தான் தன் பெயரை இரண்டு முறை கத்திச் சொன்னார்.

"ஏலே, மெல்லப் பேசு," என்றார் நண்பர். "காது நல்லாத்தான் கேக்கு."