சம்மட்டியும் நானே

துளசிராம் வாயிலிருந்து 'தெரியாது' என்ற வார்த்தை வந்து கேட்டவர்கள் யாரும் கிடையாது. அவர் சம்சாரம் லலிதாம்பாளிடம் கேட்டுப் பாருங்கள், இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட இல்லை என்பாள். ரயில் ஏன் லேட் என்றாலும் தெரியும், ரசம் ஏன் பொங்கிவிட்டது என்றாலும் தெரியும். கேட்காவிட்டாலும் சொல்வார். அதுதான் ஊரில் அவருக்கு இருந்த கெட்ட பெயர்.

மனுசன் வேலை பார்த்தது ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில். வாத்தியார் இல்லை, ஆய்வக உதவியாளர். அமிலத்தை அளந்து வைப்பது, பிப்பெட் என்கிற கண்ணாடிக் குழாயைக் கழுவுவது, மண்ணெண்ணெயில் கிடக்கிற சோடியத்தைத் துண்டு போட்டுக் கொடுப்பது என்று இருபத்திரண்டு வருஷம். ஒரு நாள் இயற்பியல் வாத்தியார் கரும்பலகையில் தப்பாக எழுதிவிட்டார். இவர் பின்னாலிருந்து, "சார், அது அப்படி இல்ல" என்று சொல்லிவிட்டார். வாத்தியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பிப்பெட்டக் கழுவுற வேலையப் பாருமய்யா" என்றார். அறுபது பையன்களும் சிரித்தார்கள். தப்பு பலகையிலேயே கிடந்தது. அன்றைக்கு வாங்கின சூடு அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

இரண்டாயிரத்து நாலில் காளவாசலில் சுபலட்சுமி என்ற பெண் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தாள். பத்து கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, வாசலில் போலீஸ்காரர்கள் சொன்னபடி ஒரு ரிஜிஸ்டர். பெயர், ஊர், வந்த நேரம், போன நேரம் எழுதாமல் யாரும் உள்ளே போக முடியாது. அங்கேதான் துளசிராமுக்குத் 'தர்க்கவெளி' கிடைத்தது. தமிழில் சண்டை போடுவதற்கென்றே ஒரு இணையதளம். அரசியல், அறிவியல், புது மெஷின், பழைய ராக்கெட், எதை வேண்டுமானாலும் போட்டுப் பிய்க்கலாம். இவர் 'ஆய்வன்' என்று பெயர் வைத்துக்கொண்டு நுழைந்தார். அந்த ஜூனில் சுக்கிரன் சூரியனைக் கடந்துபோனதைப் பற்றி எழுதினார் பாருங்கள், கனடாவிலிருந்து ஒருத்தர், "ஐயா ஆய்வன் அவர்களே, இவ்வளவு தெளிவாக எங்கள் பேராசிரியர்கூடச் சொன்னதில்லை" என்று பதில் போட்டார். துளசிராம் அந்த வரியை நாலு தடவை படித்தார். ஐயாவாம்! அவர்களேயாம்! அன்றையிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நாலாம் நம்பர் கேபின் அவருடையதாகிவிட்டது.

ஆறு மாதம் ராஜாவாக இருந்தார். பிறகு சம்மட்டி வந்து சேர்ந்தான்.

யார், எவன், எந்த ஊர் எதுவும் தெரியாது. பெயர் சம்மட்டி, ஆள் படத்துக்குப் பதிலாக ஒரு சம்மட்டிப் படம். புதுப் பருத்தி விதை போட்டால் பூச்சிமருந்தே வேண்டாம் என்று ஆய்வன் எழுதினால், அஞ்சு நிமிஷத்தில் பதில் வரும்: "என்னைக்காச்சும் வயல்ல கால் வச்சிருக்கீரா? அந்த விதையில காய்ப்புழுதான் சாகும். சாறு உறிஞ்சுற பூச்சி அப்படியே இருக்கும். அதுக்கு மருந்து யாரு அடிக்கிறது, உங்க தாத்தனா?" ஓட்டு மெஷினுக்குள் எந்தக் கம்பியும் போகவில்லை, யாரும் கை வைக்க முடியாது என்று ஆய்வன் எழுதினால், "பூட்டு நல்ல பூட்டுதான், சாவி யாரு இடுப்புல இருக்குன்னு சொல்லும்" என்பான். படிக்கிறவர்கள் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே சிரிப்பு. துளசிராமுக்கு நெஞ்செல்லாம் எரியும். பதிலுக்கு நாற்பது வரி எழுதுவார். முட்டாள், தற்குறி, மூளைக்குப் பதில் தவிடு என்றெல்லாம் எழுதுவார். அவன் ரெண்டே வரியில் முடித்துவிடுவான்.

இதில் ஆய்வன் ஜெயித்த சண்டை என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. இணையத்தில் ஐ.பி. முகவரி என்றால் என்ன என்று ஒரு கட்டுரை எழுதினார். "அது கைரேகை மாதிரி. ஒரு ஆளுக்கு ஒன்று. எந்த முகமூடி போட்டாலும் ஐ.பி. காட்டிக்கொடுத்துவிடும்" என்று அடித்துச் சொன்னார். சம்மட்டி வந்தான். "கைரேகை இல்லய்யா, வீட்டுக் கதவு நம்பர். உள்ள பத்துக் குடும்பம் குடியிருக்கலாம்" என்றான். விட்டாரா துளசிராம்? கதவு நம்பராம், கதவு நம்பர் என்று ஒரு வாரம் அவனைத் துரத்தித் துரத்தி அடித்தார். சம்மட்டியும் அலுத்துப்போய் விட்டுவிட்டான். தர்க்கவெளி முழுக்க ஆய்வன் பக்கம் நின்றது.

அடுத்த வருஷம் டிசம்பரில், தளத்தை நடத்தும் ரம்யாஸ்ரீ ஒரு அறிவிப்புப் போட்டாள். சிங்கப்பூரில் இருக்கிற பெண் அவள். அறிவியல் பகுதிக்குத் தனியாக ஒரு பொறுப்பாளரைப் பொங்கலன்று அறிவிக்கப் போகிறார்களாம், ஆய்வன் பெயர்தான் முன்னால் நிற்கிறதாம். துளசிராம் தரையில் நடக்கவில்லை. பொறுப்பாளர்! எந்தக் கட்டுரை நிற்கலாம், எது தப்பு என்று இவர்தான் சொல்லுவார். இவர் சொன்னால் யாரும் பிப்பெட்டைக் கழுவச் சொல்ல முடியாது.

அந்த வாரம்தான் சம்மட்டி எழுதினான்: "பொறுப்பாளரா? கண்ணாடிக் குழாய் கழுவுறவரு மாதிரியில்ல பேசுறாரு!"

துளசிராம் சுற்றுமுற்றும் பார்த்தார். இவனுக்கு எப்படித் தெரியும்? உடனே ரம்யாஸ்ரீக்குக் கடிதம் போட்டார். சம்மட்டியின் ஐ.பி.யைப் பாருங்கள், ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரியும்படி போடுங்கள், அவனா நானா என்று ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும் என்று. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது இதுதான்.

மறுநாளே பதில் வந்தது. "ஐயா, பார்த்தோம். சம்மட்டியின் ஐ.பி.யும் உங்கள் ஐ.பி.யும் ஒன்றே. உங்கள் பதிவுக்கு ஐந்து நிமிடத்தில் அவர் பதில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருமே வருவதில்லை. ஐ.பி. என்பது கைரேகை என்று எழுதியவர் நீங்கள்தான். இரண்டு பெயரில் எழுதுவது இங்கே குற்றம். மூன்று நாளில் விளக்கம் தாருங்கள்."

துளசிராம் 'ஞாயிற்றுக்கிழமைகளில்' என்ற வரிக்குத் திரும்பிப் போனார். ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு லீவு. அப்படியென்றால்? அடுத்த கேபினில் யாரோ மூக்கால் 'ஹுக்' என்று சிரித்தார்கள். எழுந்து வாசலுக்குப் போய் ரிஜிஸ்டரைப் புரட்டினார். ஒரு வருஷமாகத் தினமும் ஆறிலிருந்து எட்டு, நாலாம் நம்பர், துளசிராம். அதற்குக் கீழேயே ஆறிலிருந்து எட்டு, அஞ்சாம் நம்பர், நல்லகாமன், கீழக்குயில்குடி.

நல்லகாமனா! காளவாசலில் உரக்கடை வைத்திருக்கிற நல்லகாமனா! அண்ணே அண்ணே என்று ஒட்டிக்கொண்டு, வாரத்தில் நாலு நாள் டீ வாங்கிக்கொடுப்பவன். தமிழில் டைப் அடிக்க அவனுக்கு விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். தர்க்கவெளியைத் திறந்து, "பாரு தம்பி, நான் எப்படிப் பின்னிருக்கேன்னு" என்று காட்டினவரும் சாட்சாத் இவரேதான். வளர்த்த கடா மார்பிலே பாய்ந்துவிட்டது.

துளசிராம் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார். அஞ்சாம் நம்பர் திரையில் சம்மட்டிப் படம் இருந்தது.

"யோவ், நீதானாய்யா அது?"

நல்லகாமன் திடுக்கிட்டுத் திரும்பினான். பிறகு சாவகாசமாக நாற்காலியைத் தள்ளினான். "ஆமாண்ணே, நாந்தான். இப்ப என்ன?"

"என் கையால டீ குடிச்சுப்புட்டு என்னையவே திட்டுனியா?"

"டீ வாங்கிக் குடுத்தது நானு. அத விடுங்க. மூஞ்சிக்கு நேரா சொன்னா என்னைக்காச்சும் கேட்டிருப்பீங்களா? முதல் நாளு பருத்தியப் பத்திச் சொல்ல வந்தேன். 'உரம் விக்கிறவனுக்கு இதெல்லாம் வெளங்காது, சும்மா இரு'ன்னீங்க. எங்க அப்பன் காலத்துல இருந்து பருத்தி போடுறோம். எனக்கா வெளங்காது?"

"அதுக்குன்னு கண்ணாடிக் குழாய் கழுவுறவன்னு எழுதுவியா? நன்றி கெட்ட பயலே!"

"நீங்க என்னையத் தற்குறின்னு எம்புட்டு வாட்டி எழுதியிருக்கீங்க தெரியுமா? எண்ணி வச்சிருக்கேன்."

சுபலட்சுமி ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இதுக்கா சார் சண்டை? சென்டருக்கு வர்றது ஒரே லைன். பத்து கம்ப்யூட்டருக்கும் வெளியில ஒரே நம்பர்தான் தெரியும். நான் வேணா அந்த அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்றேன்."

துளசிராம் முகம் செத்துவிட்டது. பத்து கம்ப்யூட்டருக்கு ஒரே நம்பர். ஒரே கதவு, உள்ளே பத்துக் குடும்பம். நல்லகாமனும் அதைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நானே எழுதுறேன், நாங்க ரெண்டு பேருன்னு. ரிஜிஸ்டர போட்டோ எடுத்து அனுப்புவோம். ஆனா முதல்ல நீங்க ஒரு வரி எழுதணும். 'கதவு நம்பர்னு சம்மட்டி சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு'ன்னு. ஒரே வரி. பொறுப்பாளர் பதவியும் உங்களுக்குத்தான், நான் குறுக்க வரமாட்டேன்."

"உன்கிட்ட நான் பிச்சை எடுக்கணுமா? போய்யா!" என்று துளசிராம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் லலிதாம்பாள் முழுசும் கேட்டாள். அவர்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் நல்ல சூடாக நாலு கொடுத்துவிட்டு, கடைசியில் தமிழுக்கு வந்தாள். "ஒரு வரிதான? எழுதித் தொலைங்களேன். தப்புன்னு சொன்னா நாக்கு அறுந்தா போகும்?"

அறுந்துதான் போகும் என்று நினைத்தார் அவர். மறுநாள் ஆய்வகத்தில் அமிலத்தை அளக்கும்போது அந்த இயற்பியல் வாத்தியார் தாண்டிப் போனார். இத்தனை வருஷத்தில் அந்த ஆள் என்றைக்காவது வந்து, 'அன்னைக்கு நீர் சொன்னதுதான் சரி' என்றாரா? வாத்தியாருக்கு இல்லாத வெட்கம் எனக்கு மட்டும் எதுக்கு? ஒரு உரக்கடைக்காரன் முன்னாடி, கனடாவும் சிங்கப்பூரும் பார்க்க, நான் ஏன் தலை குனியணும்? யோசித்து யோசித்து, ரெண்டாம் நாள் சாயங்காலம் அவருக்கு ஒரு வழி தெரிந்தது. குனியவும் வேண்டாம், சம்மட்டியும் ஒழிந்தான். தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் நாலாம் நம்பரில் உட்கார்ந்து எழுதினார்.

"நண்பர்களே, உண்மையை ஒப்புக்கொள்கிறேன். சம்மட்டியும் நானே. விவாதம் சூடாக நடக்க வேண்டும் என்பதற்காக எதிர்த்தரப்பையும் நானே எழுதினேன். இரண்டு பக்கமும் நின்று வாதாட எத்தனை பேரால் முடியும்? அதை நீங்களே எண்ணிப் பாருங்கள்."

பொய்தான். பச்சைப் பொய். ஆனால் ஐ.பி. கைரேகைதான் என்பது நின்றுவிட்டது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை.

அஞ்சாம் நம்பரிலிருந்து அலறல் வந்தது. "அடப்பாவி மனுசா! என்னைய முழுசா முழுங்கிட்டீங்களே! ஒரு வருசமா நான் எழுதுனதெல்லாம் ஒங்களுதா?"

"ஆள் இருந்தாத்தான முழுங்குறதுக்கு?" என்றார் துளசிராம்.

நல்லகாமன் உடனே பதில் அடிக்க உட்கார்ந்தான். நான் தனி ஆள், உரக்கடைக்காரன், கீழக்குயில்குடி, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று எழுதினான். அதே ஐ.பி.யிலிருந்துதானே போகிறது! "அருமையான நடிப்பு ஐயா" என்று கனடாக்காரர் பதில் போட்டார். "அந்த உரக்கடை இருக்கிறதே, என்ன கற்பனை!" என்றார் இன்னொருவர். நல்லகாமன் கொதித்து எழுந்து தடுப்பை ஓங்கிக் குத்தினான். இவரும் எழுந்தார். ரெண்டு பேரும் சட்டையைப் பிடிக்கப் போன நேரத்தில் சுபலட்சுமி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாள். "இன்னொரு வாட்டி சத்தம் கேட்டுச்சு, ரெண்டு பேரும் வேற சென்டர் பாத்துக்கங்க. இனி நான் யாருக்கும் போன் போடப் போறதில்ல, ரிஜிஸ்டரையும் தொடாதீங்க" என்றாள்.

பொங்கல் லீவு முடிந்ததும் துளசிராம் புதுச்சட்டையோடு வந்தார். மன்னித்திருப்பார்கள், வியந்திருப்பார்கள், யார் கண்டது, பதவியையே கொடுத்திருப்பார்கள் என்ற நினைப்பு. ஆய்வன் என்று பெயரை அடித்தார், கடவுச்சொல்லை அடித்தார். உள்ளே விடவில்லை. வெளியிலிருந்தே எல்லோரும் படிக்கிற முதல் பக்கத்தில் ரம்யாஸ்ரீயின் அறிவிப்பு இருந்தது.

"ஒருவருக்கு ஒரு பெயர் என்பதே இங்கே விதி. ஐயாவின் இரண்டு பெயர்களில் எது இருக்கலாம் என்று உறுப்பினர்களிடம் கேட்டோம். சம்மட்டிக்கு அறுபத்தொன்று, ஆய்வனுக்கு ஒன்பது. ஐயா, தவறாக எண்ண வேண்டாம். ஆய்வன் கற்றவர்தான். ஆனால் சம்மட்டியிடம்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். இனி நீங்கள் சம்மட்டியாகவே எழுதுங்கள். அறிவியல் பகுதியின் பொறுப்பையும் அந்தப் பெயரிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்."

துளசிராம் இரண்டாம் தடவை படித்தார். சம்மட்டியின் கடவுச்சொல் அவரிடம் இல்லை. அது அஞ்சாம் நம்பரில் இருக்கிறது. இல்லை, அவன் வேறு ஆள் என்று இனி எங்கே போய்ச் சொல்வது? தன் கையாலேயே எழுதிக்கொடுத்தாகிவிட்டதே. எந்தப் பெயரில் போய்ச் சொன்னாலும் அதே கதவு நம்பரிலிருந்துதானே போகும்.

அஞ்சாம் நம்பரில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுகிற சத்தம் கேட்டது. அது நின்றது. தடுப்புக்கு மேலே நல்லகாமனின் தலை தெரிந்தது. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. கடைக்குப் புதுப் போர்டு எழுதுகிறவன் முகம் மாதிரி இருந்தது.

"அண்ணே, பொறுப்பேத்துக்கிட்டு முதல் கட்டுரை எழுதுறேன். விஞ்ஞானம்னு போடணும். அந்த 'ஞ' எந்தக் கட்டையிலண்ணே இருக்கு?"

துளசிராம் அவனைப் பார்க்கவில்லை. தொடாமல் விட்டதில் இருட்டாகிவிட்ட திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தெரியாது" என்றார்.