கடைத்தெருவில் காய்ந்த நெல்

பெரியவர்கள் கூடி நிற்கிற இடத்தில் நான் வாய் திறந்து பேசியது என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான். அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. பேசியதும் நீளமாக ஒன்றுமில்லை, ஒரு மூச்சில் சொல்லிவிடக் கூடியதுதான். அதன் பிறகு கூட்டத்தில் பேசுகிற வழக்கம் எனக்கு வரவில்லை.

அந்த வருடம் அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்திருந்தார். ஆறு வருடம் அங்கே தெருவுக்குக் கல் பதிக்கிற வேலை. எங்கள் பக்கத்தில் வெளிநாடு போய் வருகிறவர்கள் டேப்ரிக்கார்டரோடு வருவார்கள், சென்ட் வாசனையோடு வருவார்கள். மாமா பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது ஒரு ரப்பர் சுத்தியல். கருப்பாக, பெரிய தேங்காய் அளவுக்கு இருந்தது. கல்லை வைத்து இதனால் தட்டினால் கல் உடையாமல் மட்டமாக உட்காரும் என்றார். அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கா தம்பி ஆறு வருசம் போயிருந்த?"

அவர் கடைசியாக வேலை பார்த்தது வண்டி போகாத ஒரு தெருவில். அதைப் பற்றித்தான் எப்போதும் பேச்சு. நடுவில் மரம், மரத்தைச் சுற்றிப் பெஞ்சு. வேலை விட்டு வந்தவர்கள் குழந்தைகளோடு அங்கே உட்கார்ந்து சும்மா இருப்பார்களாம். அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்.

"வண்டி போவாதுன்னா அப்பறம் எதுக்கு மாப்ள தெருவு?"

"நடக்கத்தான் மச்சான்."

"நடக்கறதுக்கு வரப்பு போதுமே."

எங்கள் கிராமத்திலிருந்து டவுன் ஒன்றரை மைல். டவுன் என்றால் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. மணிக்கூண்டிலிருந்து குளக்கரை வரைக்கும் ஒரு கடைத்தெரு, அவ்வளவுதான். அந்த வருடங்களில்தான் ஆளாளுக்கு வண்டி வாங்கத் தொடங்கியிருந்தார்கள். லாரி, டவுன் பஸ், வாடகைக் கார், புது மோட்டார் சைக்கிள் எல்லாம் அந்த ஒரு தெருவில்தான். பாத்திரக்கடையின் தகரப் பந்தலைப் பஸ் மாதம் ஒரு முறை இடித்துவிட்டுப் போகும். அந்த ஆடியில் ஒரு லாரி பின்பக்கமாக நகர்ந்து வந்து, பூ விற்கிற அம்மாளின் காலில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு மாமா ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் தெருவை வரைந்து எடுத்துக்கொண்டு பேரூராட்சித் தலைவரைப் பார்க்கப் போனார்.

தலைவருக்கு அது பிடித்துவிட்டது. பக்கத்து ஊர் எதிலும் அப்படி ஒரு தெரு இல்லை என்பது முக்கியமான காரணமாக இருந்திருக்கலாம். மணிக்கூண்டின் அடியில் பத்தடிக்கு மாமா மாதிரிக்குக் கல் பதித்துக் காட்ட வேண்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தெருவில் வண்டி விடாமல் பார்ப்பார்கள். அன்றைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார். அவருக்குத் திருப்தியானால் தெரு முழுக்கக் கல் பதிக்கிற வேலை மாமாவுக்கு.

மாமாவைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவைத்த கும்பகோணத்து ஏஜெண்ட் அதற்குள் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். மறுபடி போகிறதா இல்லையா என்று சொல்லிவிடச் சொல்லி.

"இந்த வேல கெடச்சா நான் ஏங்க்கா மறுபடி போறேன்?" என்று மாமா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அம்மா மறுநாளே பெண் விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். நானும் என்னால் ஆனதைச் செய்தேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்த பிள்ளையாருக்கு மூன்று தேங்காய் வேண்டிக்கொண்டேன். தேங்காய்க்கு எங்கே போவது என்று அப்போது யோசிக்கவில்லை. மாமா என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து, வாயால் பாட்டு மாதிரி சீட்டி அடித்துக்கொண்டே ஓட்டுவார். அது நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஞாயிற்றுக்கிழமையை ஐப்பசியில் குறித்தார்கள். மாமா ஊரில் இல்லாமல் ஆறு வருடம் ஆகியிருந்தது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தலைவருக்குச் சொந்தத்தில் அரிசி ஆலையே இருந்தது. அவருக்கும் அது குறுவை நெல் அறுத்து வீட்டில் கிடக்கிற நேரம் என்று தோன்றவில்லை.

களம் இல்லாத எங்களைப் போன்றவர்கள் நெல் காயப்போடுவது ஆற்றங்கரைத் தார்ரோட்டில். பாதி ரோட்டில் நெல், பாதி ரோட்டில் வண்டி. அந்த வழியாகப் போவது இரண்டே பஸ்தான். டிரைவர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போவார்கள். பதிலுக்கு எங்கள் பெண்களும் திட்டுவார்கள். இரண்டு பக்கமும் பழகிப்போன திட்டு.

அந்த வாரம் புதன்கிழமை பிடித்த மழை சனிக்கிழமை இரவுதான் விட்டது. அறுத்த நெல் அத்தனையும் ஈரத்தோடு வீட்டுக்குள் குவிந்து கிடந்தது. குவியலுக்குள் கையை விட்டால் உள்ளே சுட்டது. இன்னும் ஒரு நாள் போனால் முளை கட்டிவிடும். முளைத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். அப்பா அந்த நாலு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுள்ளென்று வெயில் வந்தது. மாமா வெள்ளைச் சட்டை போட்டு, பூட்ஸ் போட்டு, மழையில் கல் ஏதாவது கிளம்பியிருந்தால் தட்டிவிடலாம் என்று சுத்தியலையும் சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

"மத்தியானம் வாடா," என்றார் என்னிடம். "ஒரு வண்டி இருக்காது பாரு. நடுத்தெருவுல படுத்துப் பொரளலாம்."

கொஞ்ச நேரம் கழித்து எங்கள் தெருக்காரர்கள் ஐந்து மாட்டு வண்டியில் நெல்லை ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார்கள். நானும் மூட்டையின் மேல் உட்கார்ந்து போனேன். அங்கே போய்ப் பார்த்தால், ரோடு நிறைய லாரியும் பஸ்ஸும் காரும் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. பேரூராட்சி ஆள் ஒருவர் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"கடைத்தெரு வண்டியெல்லாம் இன்னக்கி இப்புடித்தாண்ணே சுத்திப் போவுது. நெல்லக் கொட்டாதீங்க."

"கொட்டாம? ஒந்தலையிலயா காயப்போடறது?" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா.

"எந்தலையிலதான் முடியே இல்லையே, தாராளமாப் போடுங்க. ரோட்டுல மட்டும் போடாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். கிழக்கே மறுபடி மேகம் வருகிறதா என்று பார்த்திருப்பார். ஏழெட்டு ஆண்கள், ஏழெட்டுப் பெண்கள் வண்டிகளைச் சுற்றி நின்றார்கள். அப்போதுதான் நான் சொன்னேன்.

"அப்பா, கடைத்தெரு இன்னக்கி பூரா காலியாத்தாம்ப்பா கெடக்கும், ஒரு வண்டியும் வராதுன்னு மாமா சொன்னாங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடானது. அப்பா தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு மாட்டைத் திருப்பினார்.

மணிக்கூண்டில் குறுக்கே கயிறு கட்டி இரண்டு இளைஞர்கள் நின்றார்கள்.

"மாட்டு வண்டியும் வண்டிதாங்க. உள்ள விடக்கூடாது."

"வண்டி வெளியிலயே நிக்கட்டும் தம்பி," என்றார் அப்பா. "நெல்லுக்குச் சக்கரமா இருக்கு?"

அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கயிற்றுக்குக் கீழே குனிந்து, தலைச்சுமையாகவே அத்தனை மூட்டையும் உள்ளே போனது. விஷயம் தெரிந்து பக்கத்துக் கிராமத்திலிருந்தும் வந்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் மணிக்கூண்டிலிருந்து குளக்கரை வரைக்கும் தெரு மஞ்சளாகிவிட்டது. எங்கள் நெல்லை அப்பா மாமாவின் கல்லின் மேலேயே கொட்டினார். மற்ற இடமெல்லாம் குட்டை குட்டையாக நின்ற மழைத்தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் கொட்ட வேண்டியிருக்க, அந்தப் பத்தடியில் மட்டும் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை.

பொதுமக்கள் உட்காருவதற்காகப் போட்டிருந்த நாற்காலிகளில் எங்கள் ஊர்ப் பெண்கள் காக்காய் விரட்டக் குச்சியோடு உட்கார்ந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த டவுன் பெண்களும் கூட உட்கார்ந்தார்கள். எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று பேச்சு ஆரம்பித்தது. பூக்கார அம்மாள் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்து பூக் கட்டினாள். ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக் குழந்தைகள் நெல்லின் ஓரமாகவே ஓடிப் பிடித்து விளையாடின. டீக்கடைக்காரர் தட்டோடு தெருவுக்கே வந்துவிட்டார். அந்தத் தெருவில் அவ்வளவு பேர் உட்கார்ந்திருந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மாமா தலைவரோடு அதிகாரியை எதிர்கொள்ளப் போயிருந்தார். பதினொரு மணி வாக்கில் ஜீப் கயிற்றருகில் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார், கையில் ஒரு பைல் இருந்தது. தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

"என்னய்யா இது? தெருவா, களமா?"

தலைவர் மணிக்கூண்டில் மணி எத்தனை என்று பார்த்தார். அது நின்றுபோய் வருடக்கணக்காகியிருந்தது.

"இவங்கள உள்ள வரச்சொன்னது யாரு?"

அப்பா நெல் தள்ளுகிற பலகையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கப் போவது தெரிந்தது. என்னைத்தான் சொல்லப்போகிறார், அவ்வளவு பெரிய அதிகாரிக்கு முன்னால் என்று நான் பெருமையோடு முன்னால் வந்து நின்றேன். மாமா அப்பாவைப் பார்த்தார். பிறகு கல்லின் மேல் கிடந்த நெல்லை, அப்புறம் என்னை.

"நாந்தாங்க வரச்சொன்னேன்," என்றார்.

"உனக்கு அறிவு இருக்கா?"

"இன்னக்கிக் காயலன்னா மொளச்சிடும்ங்க."

அதிகாரி நெல்லை மிதிக்காமல் ஓரமாகப் பாதித் தெரு வரைக்கும் போனார். திரும்பி வந்து, ஒற்றைக் காலில் நின்று, ஷூவைக் கழற்றி உள்ளே போயிருந்த நாலு நெல்லை உதறினார். பைலைத் திறக்கவே இல்லை. ஜீப் போன பிறகு தலைவர் மாமாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மாமா மணிக்கூண்டு அடியில் பூட்ஸைக் கழற்றி வைத்து, பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு, நெல்லுக்குள் இறங்கிக் காலால் துழாவிவிட ஆரம்பித்தார். கோடு போட்ட மாதிரி வரிசை வரிசையாகத் துழாவினார்.

நெல் காய்ந்துவிட்டது. மறுநாள் கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். கடைத்தெருவில் காலையிலேயே பஸ் வந்து பாத்திரக்கடைத் தகரத்தை இடித்ததாகக் கேள்விப்பட்டோம். அப்பா எங்கள் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "பயதான் யோசன சொன்னான்," என்றார். ஆனால் அது எனக்குப் போதவில்லை. அதிகாரிக்கு முன்னால் என் பெயர் வரவேண்டிய நேரத்தில் மாமா குறுக்கே புகுந்து தன் பெயரைச் சொல்லிவிட்டார் என்பது எனக்குள் முள்ளாகக் கிடந்தது. அவரிடம் நேராகவே கேட்டேன்.

"நாந்தான மாமா சொன்னேன்? நீங்க ஏன் நீங்க சொன்னதாச் சொன்னீங்க?"

மாமா சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "யாரு சொன்னா என்னடா? நெல்லு காஞ்சிச்சில்ல?" என்றார்.

செய்ததையும் செய்துவிட்டு இப்படியும் பேசுகிறாரே என்று இருந்தது. அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. சைக்கிளில் ஏறவும் இல்லை.

கார்த்திகையில் மாமா மறுபடி சிங்கப்பூர் கிளம்பினார். பஸ் ஏற்றிவிட எல்லோரும் மணிக்கூண்டுக்குப் போனோம். இடையில் பெய்த மழையில் மாமா பதித்த கல்லின் இடுக்குகளில் விழுந்து கிடந்த நெல் முளைத்து, ஒரு சாண் உயரத்துக்கு நாற்றாக நின்றது. கல் எப்படிப் பதிந்திருந்ததோ அப்படியே நேர்நேராக, கட்டம் கட்டமாகப் பச்சை. மாமா குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றையும் பிடுங்கவில்லை.

"பாத்தியாடா, எவ்ளோ நேரா வந்துருக்குன்னு," என்றார் என்னிடம்.

நான் வேறு பக்கம் பார்த்தேன். பஸ் வந்தது. சுத்தியலை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். கையாட்டினார். நான் ஆட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அழுதாள். என்னைப் பார்த்து, "ஏண்டா, நீ மட்டும் அன்னக்கி..." என்று ஆரம்பித்தாள்.

"விடு," என்றார் அப்பா.

நான் மாமாவோடு பேசாமல் இருந்ததைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"நான் ஒண்ணும் பண்ணல," என்றேன். "மாமாதான் பொய் சொன்னாங்க."

அம்மா என் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.