மலைக்கு எந்தப் பலகை

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், இருந்தாலும் வரி கீழே சரிந்துகொண்டே போகிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. தப்பைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

கிள்ளானில் குடியிருக்கிறேன். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் ஏற்றி, ஷா ஆலம் பக்கத்துக் கிடங்குகளில் இறக்குகிற ட்ரெய்லர் ஓட்டுகிறேன். ஒரே பையன். ஜப்பானில், பனி கொட்டுகிற வடக்குப் பக்கத்தில், ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். நான் சொல்லப்போவது நடந்தபோது என் மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அந்த ஒன்றரை வருடத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நான் அழவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். சாயங்காலம் ஒரே கடையில் உட்காருவேன். கடைக்காரர் தூரத்திலிருந்தே "அண்ணே, பியாசா?" என்பார். வழக்கம்போலத்தானே என்று மலாயில் கேட்கிறார். நான் தலையாட்டுவேன். கோழி போட்டு வறுத்த மீ கோரெங் நூடுல்ஸும், பால் ஊற்றாத தே ஓ தேநீரும் வரும். சில நாள் பாதி சாப்பிட்ட பிறகுதான் வாயில் என்ன இருக்கிறது என்றே கவனிப்பேன். சட்டைகூட அவள் கடைசியாக வாங்கி வைத்த நான்கைத்தான் மாற்றி மாற்றிப் போட்டேன். கிழிந்தால் வேறு எது வாங்குவது என்று தெரியாது.

எங்கள் வீட்டில் எதையும் தேர்ந்தெடுப்பது அவள் வேலை. என்னிடம் எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பேன். "உங்க வாய்க்கு அந்த ரெண்டு வார்த்தைதான் தெரியுமா?" என்று அவள் கேட்பாள். அதற்கும் சிரித்துவிட்டுச் சும்மா இருப்பேன். கூச்சம்தான், வேறொன்றுமில்லை. நான் சொன்னது தப்பாகிவிடுமோ என்ற கூச்சம்.

பையனும் அவளிடம்தான் எல்லாம் கேட்பான். ஜப்பானுக்குப் போன பிறகும் கடையில் நின்றபடி வீடியோவில் கூப்பிட்டு, "ம்மா, நீலமா சாம்பலா?" என்று சட்டையைத் தூக்கிக் காட்டுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் போன பிறகு அந்த அழைப்பு எனக்கு வந்தது. "சாப்டீங்களா?" "சாப்டேன். நீ?" "ஆச்சு." அப்புறம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. "சரிப்பா, வைக்கிறேன்." வாரத்துக்கு ஒருமுறை வந்தது பத்து நாளுக்கு ஒருமுறை ஆனது, பிறகு இன்னும் தள்ளிப்போனது. இப்படியே போனால் ஒரு நாள் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பேச ஒன்றும் வரவில்லை.

அப்படி இருக்கும்போது நவம்பர் மாதம் ஒரு குரல் செய்தி அனுப்பினான். "ப்பா, டிசம்பர் கடைசில மலைக்குப் போறேன். இந்தத் தடவை சாமான் எல்லாம் சொந்தமா வாங்கணும்."

கார்த்திகை பிறக்கிற நேரத்தில் கிள்ளானில் ஒருவன் மலைக்குப் போகிறேன் என்றால் என்ன அர்த்தம்? எனக்குத் தெரிந்த மலை ஒன்றுதான், ஐயப்பன் மலை. அம்மாவுக்கு வருடத் திதி முடிந்துவிட்டது, அதனால் மாலை போட்டுக்கொள்ளத் தடையில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறான் போலும் என நினைத்தேன். பதிலுக்கு "நல்லது" என்று மட்டும் சொன்னேன்.

பக்கத்து வீட்டுக்காரர் பல வருடம் மலைக்குப் போய்வந்தவர், குருசாமி. அவரிடம் சொன்னபோது யோசித்தார்.

"பையன் ஜப்பான்ல எங்க இருமுடி கட்டுவான் தம்பி?"

"தெரியலண்ணே."

"விரதம் இருக்கணுமே. அங்க எல்லாத்துலயும் மீன் போடுவானுங்க லா."

"இருப்பான்ணே."

"நீயும் இருந்துடு. வீட்டுல ஒருத்தர் மாலை போட்டா வீடே சுத்தமா இருக்கணும்."

இருந்தேன். இறைச்சியை விட்டேன். கடைக்காரர் "பியாசா?" என்றபோது, கோழி வேண்டாம், முட்டை வேண்டாம், வெறும் காய் போதும் என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" இல்லை என்றேன். பக்தி என்று சொல்ல முடியாது. சாமி கும்பிட்டாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஆனால் ஒருவர் செய்யச் சொன்னதைச் செய்வது எனக்கு எளிதாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொம்யூட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். பூசை சாமான் கடையில் கறுப்பு வேட்டி கேட்டேன். மாலையும் வேண்டும் என்றேன்.

"எந்த மாலைண்ணே? துளசியா, ருத்திராட்சமா?" என்றார் கடைக்கார அம்மா.

"எதுவா இருந்தாலும் சரி."

"போடப்போறது யாரு?"

"பையன்."

"அப்போ பையனைக் கேளுங்க."

கேட்கவில்லை. கைக்கு முதலில் வந்த துளசி மாலையை வாங்கிக்கொண்டேன். ஜப்பானுக்கு அனுப்ப ஒரு பெட்டியில் போட்டு ஒட்டினேன். முகவரியை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், அதற்கு நான் கூச்சப்பட்டதால் பெட்டி சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது.

அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் வீடியோ அழைப்பு வந்தது. பையன் ஏதோ கடையில் நின்றான். தடித்த ஜாக்கெட், தலையில் கம்பளித் தொப்பி. பின்னால் சுவர் முழுக்க நீள நீளமாகப் பலகைகள் நிற்க வைத்திருந்தார்கள். முனை மேலே வளைந்திருந்தது.

"ப்பா, மலைக்குப் போறதுக்கு ஸ்கீ வாங்க வந்திருக்கேன். மூணுல ஒண்ணு எடுக்கணும். நீங்க சொல்லுங்க."

நான் பெட்டியைப் பார்த்தேன். பிறகு போனைப் பார்த்தேன்.

"மலைன்னா... பனி மலையா?"

"பின்ன என்ன மலை?"

"ஒண்ணுமில்ல. சொல்லு."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கம்கூட வரவில்லை. சரி, அந்த மலை இல்லை, இந்த மலை என்று மட்டும் தோன்றியது.

அவன் சொன்னான். காலில் மாட்டிப் பனியில் சறுக்குகிற அந்தப் பலகையை இத்தனை வருடம் வாடகைக்கு எடுத்துப் பழகினானாம். இப்போது கறுப்பு அடையாளம் போட்ட செங்குத்துச் சரிவிலேயே இறங்குகிறானாம். பழகுகிறவர்களுக்குக் கொடுக்கிற பலகை இனி போதாது. இறுகிய பனி, புதுப்பனி, மேடுபள்ளம், மரங்களுக்கு நடுவே என்று ஒரு மலையின் எல்லா இடத்துக்கும் ஆகிற பலகை வேண்டும். மூன்றையும் தூக்கிக் காட்டினான். ஒன்று அகலம். புதுப்பனியில் அமிழாமல் மிதக்கும், ஆனால் இறுகிய பனியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்ப நேரமாகும். இன்னொன்று இடுப்பு குறுகல், உள்ளே உலோகத் தகடு, நிறுத்தினால் அவன் நெற்றி உயரம். வேகமாகப் போனாலும் ஆடாது, கத்தி மாதிரி பிடிக்கும். மூன்றாவது இரண்டுக்கும் நடு. உள்ளே மரம்தான், தகடு இல்லை. மூக்கு உயரம்.

"கடைக்காரர் தகடு வச்சதை எடுக்கச் சொல்றாரு. நல்லா ஓட்டுறவனுக்கு அதுதானாம். எனக்கு முடிவு பண்ண முடியல. அம்மா இருந்தா ஒரு செகண்ட்ல சொல்லிடும்."

"உன் இஷ்டம்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அவன் "சரிப்பா, வைக்கிறேன்" என்பான். அப்புறம் எதற்காகவும் கூப்பிட மாட்டான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் பனியையே பார்க்காதவன் என்ன சொல்வது?

"கீழ வை" என்றேன். "பக்கவாட்டுல காட்டு."

உலோகத் தகடு வைத்ததைத் தரையில் வைத்துப் போனைத் தாழ்த்தினான். பலகையின் நடு தரையைத் தொடாமல் மேலே வளைந்து நின்றது. எனக்கு அது தெரிந்த வளைவு. காலி ட்ரெய்லரின் தளமும் நடுவில் அப்படித்தான் கொஞ்சம் எழும்பி நிற்கும். கண்டெய்னர் ஏறினால் சமமாகும்.

"நீ ஏறி நின்னா இது தரையோட படியுமா?"

"படியணும்ப்பா. படிஞ்சாத்தான் ஓரம் முழுசும் பனியைப் பிடிக்கும்."

"நீ எத்தனை கிலோ?"

"எதுக்கு?"

"சுமை தெரியாம எப்படிச் சொல்றது?"

அவன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான். கடைக்காரர் பின்னால் யாரிடமோ ஜப்பானிய மொழியில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஐம்பத்தாறு" என்றான்.

அவன் அம்மா உயிரோடு இருந்தபோது ஜிம்முக்குப் போகிறேன் என்று அவளிடம் பெருமையாக அறுபத்தெட்டு சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. காரியத்துக்கு வந்துபோன பிறகு நான் அவனை நேரில் பார்க்கவில்லை. வருடத் திதிக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் முகம் மட்டும்தான் தெரியும், அதிலும் பாதியைத் தொப்பி மறைத்திருந்தது.

"கடைக்காரர் கிட்ட எத்தனைன்னு சொன்ன?"

"அறுபத்தெட்டு."

"ஏன்?"

"கேட்டாரு. வாய்ல அதுதான் வந்துச்சு."

நான் அதற்கு மேல் அதைக் கேட்கவில்லை. எனக்கும் சாப்பாடு அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கும் அப்படித்தான் என்பது அந்த நிமிடம்வரை எனக்குத் தோன்றவே இல்லை.

"நடுவுல கையை வச்சு அமுக்கு" என்றேன். அமுக்கினான். தகடு வைத்தது அசையவில்லை. அகலமானது அசைந்தது, ஆனால் பாரமாக இருக்கிறது என்றான். மூன்றாவது அவன் கைக்கு வளைந்து கொடுத்தது, கையை எடுத்ததும் எழும்பியது.

"அதை எடு."

"எதைப்பா?"

"மூணாவது. தகடு வச்சது நல்லதாத்தான் இருக்கும். உனக்கு மடங்காது. மடங்கலன்னா அது உன்னை இழுத்துக்கிட்டுப் போகும், நீ அதை ஓட்ட முடியாது."

"உயரம் பத்துமா?"

"பத்தும்."

இதை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவன் என்னையே பார்த்தான். ஒரு பொருளை இதை எடு என்று நான் சொல்லி அவன் கேட்டதே இல்லை.

"சரிப்பா" என்றான். வைக்கவில்லை. "நீங்க எத்தனை கிலோ?"

எனக்குத் தெரியாது. என் வண்டியைத் துறைமுகத்தில் தினமும் எடை போடுகிறார்கள். நானும் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தனியாக யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

"பார்த்துச் சொல்றேன்."

"நாளைக்கே சொல்லணும்" என்றான். அவன் அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக்கடையில் எடை பார்க்கிற மெஷின் இருக்கிறது. ஏறினேன். நானும் இளைத்திருந்தேன். எண்ணை அப்படியே அனுப்பினேன். அவன் ஒன்றும் எழுதாமல் தன் எண்ணைத் திரும்ப அனுப்பினான். அடுத்த சனிக்கிழமையும் அனுப்பினோம். அதற்கடுத்த சனிக்கிழமையும். இப்படித்தான் அது பழக்கமானது.

டிசம்பர் கடைசியில் மலைக்குப் போனான். இறங்கி வந்து கூப்பிட்டான்.

"நல்லா திரும்புதுப்பா. மரத்துக்கு நடுவுலயும் கால் வலிக்கல. ஆனா இறுகின பனில ரொம்ப வேகமாப் போனா முனை படபடன்னு ஆடுது. தகடு வச்சது ஆடியிருக்காது."

"காலி வண்டிதான் ஆடும். சுமை ஏத்து."

அவன் சிரித்தான். அப்போதுதான் மாலையையும் கறுப்பு வேட்டியையும் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்று, திரும்ப வந்து, இருமலாகி, கடைசியில் "சாரிப்பா" என்றான். எனக்கும் வாய் கொஞ்சம் விரிந்தது என்று நினைக்கிறேன்.

தை பிறந்த பிறகு குருசாமி அண்ணன் கேட்டார். "பையன் மலை ஏறிட்டானா தம்பி?"

"ஏறி இறங்கிட்டான்ணே."

"கூட்டமா?"

"பனிதான் ஜாஸ்தியாம்."

அவர் தலையாட்டினார். மாலையை அவரிடம் கொடுத்துவிட்டேன், அடுத்த வருடம் யாருக்காவது ஆகும். வேட்டியை வீட்டில் கட்டிக்கொள்கிறேன். நல்ல துணி. கடையில் "பியாசா?" என்றால் இப்போது சில நாள் தலையாட்டுவதில்லை. என்ன வேண்டும் என்று யோசிக்கிறேன். நேரமாகிறது. கடைக்காரர் காத்திருக்கிறார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. வீட்டுக்குள் நுழைந்தால் இன்னும் ஒன்றும் தோன்றுவதில்லை. போன வாரம் அவன் ஐம்பத்தொன்பது. இன்றைக்குக் காலையில் நான் மெஷினில் ஏறி என் எண்ணை அனுப்பிவிட்டேன். அவனுடையது இன்னும் வரவில்லை. அங்கே நேரம் இங்கே இருப்பதைவிட ஒரு மணி முன்னால், இன்னும் பனி இருக்கிறதாம், மலையில் இருப்பான். போனை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, வரும்வரை சும்மா இருக்க முடியாமல்தான் இந்தத் தாளை எடுத்தேன்.

கிள்ளான், மார்ச் 14, சனிக்கிழமை.